குற்றம் கம்பியில் இல்லை: விண்டோஸ் 11க்கு மாறி ஓராண்டு

2024 நவம்பரில் என் மடிக்கணினியை விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மாற்றினேன். 2025 அக்டோபர் 14உடன் பத்துக்கான ஆதரவு முடியும் என்று அறிவித்திருந்தார்கள். கடைசி நாள்வரை இழுக்க மனமில்லை. மாற்றிய மறுநாள், கொழும்பு அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய பக்கங்கள் காலையில் ஏறத் தொடங்கி மதியம் கடந்தும் ஏறிக்கொண்டிருந்தன.

நானிருக்கும் திருகோணமலைப் பக்கத்து உப்புவெளியில் மாரி தொடங்கியிருந்தது. மழை என்றால் இங்கே எல்லாப் பழியும் கம்பிக்குத்தான். நானோ செம்புக் கம்பிக் காலத்து ஆள். இணைய நிறுவனத்தை அழைத்து நன்றாகவே சத்தம் போட்டேன். வந்த தம்பி ஒன்றும் பேசாமல் என் மனைவியின் கைபேசியை வாங்கி, மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்தே வேகத்தை அளந்தார். கைபேசியில் 90 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்), கணினியில் 11. “இது கண்ணாடி இழை, ஐயா. மழைக்கு ஒன்றும் ஆகாது” என்றார். தேநீர் கொடுத்து அனுப்பினேன், வேறென்ன செய்வது?

அதன்பின் இணையத்தில் கிடைத்த வைத்தியங்களை எல்லாம் செய்தேன். இணைய முகவரிகளைக் கணினி நினைவில் வைத்திருக்கும் டிஎன்எஸ் நினைவகத்தை அழித்தேன், பயனில்லை. இணைப்பு அமைப்புகளை எல்லாம் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும் நெட்வொர்க் ரீசெட் கொடுத்தேன். அது சேமித்திருந்த வைஃபை கடவுச்சொற்களை எல்லாம் துடைத்துவிட்டது. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த எழுத்துகளைக் கைவிளக்கு பிடித்துப் படிக்க வேண்டியதாயிற்று. இதை யாருக்கும் முதல் மருந்தாகச் சொல்லமாட்டேன். இறக்கிய இற்றைப்படுத்தல் துண்டுகளை மற்றக் கணினிகளுக்கும் பகிரும் ஏற்பாட்டை நிறுத்தியபோது ஏற்றும் வேகம் சற்றுத் தேறியது. பழைய பதிப்புக்குத் திரும்ப 10 நாள் அவகாசம் உண்டு. எட்டாம் நாள் வந்துவிட்டது.

அன்றிரவு மட்டக்களப்பிலிருந்து மருமகன் அழைத்தான். “மாமா, வேகத்தை அளந்தது போதும். வைஃபை விவரத்தில் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான இணைப்பு வேகம் எவ்வளவு, எந்த அலைவரிசை என்று பாருங்கள்.” பார்த்தேன்: 72 எம்பிபிஎஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ். முன்பு இதே இடத்தில் 433 காட்டும். மேம்படுத்தலோடு வைஃபை டிரைவரும், அதாவது வைஃபை வன்பொருளை இயக்கும் மென்பொருளும், புதிதாகியிருந்தது. என் ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தரும், இரண்டுக்கும் ஒரே பெயர். புதிய டிரைவர், சிக்னல் பட்டைகள் கூடுதலாகத் தெரிந்த 2.4இலேயே குடியேறிவிட்டது. எங்கள் தெருவில் விடுதிக்கு ஒரு ரவுட்டர் என்றாலும் பத்தைத் தாண்டும். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத அலைத்தடங்கள் மூன்றுதான்: 1, 6, 11. அந்த நெரிசலில் 11 எம்பிபிஎஸ் கிடைத்ததே பெரிது.

விண்டோஸில் வன்பொருள்களைக் கவனிக்கும் டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்பினேன். 433 வந்தது. பக்கங்கள் நான்கு நிமிடத்தில் கொழும்பு போய்ச் சேர்ந்தன.

ஆனால் அது நிலைக்கவில்லை. பெப்ரவரியில் புதிய டிரைவர் தானாகவே திரும்பி வந்தது. இம்முறை அதன் அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு முன்னுரிமை கொடுத்தேன். ஏப்ரலில் டிரைவர் மறுபடி புதிதானபோது அந்த அமைப்பும் போயிற்று. கடைசியில் ரவுட்டரிலேயே இரண்டு அலைவரிசைகளுக்கும் இரண்டு பெயர் வைத்தேன். மடிக்கணினிக்கு 5இன் கடவுச்சொல் மட்டுமே தெரியும். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. மே முதல் செப்டெம்பர் வரை சுற்றுலாப் பயணிகள் நிறைந்திருந்த மாதங்களிலும் அது அசையவில்லை. ஒரு குறை: 5 சுவரைத் தாண்டினால் மெலிந்துவிடும், பின்விறாந்தையில் உட்கார்ந்து வேலை செய்யும் வழக்கத்தைக் கைவிட்டேன்.

விண்டோஸின் மாதாந்தத் திருத்தங்கள் மாதத்தின் இரண்டாம் செவ்வாய் இரவு நமக்கு வந்து சேரும். புதன் காலையில் மின்னஞ்சலுக்கு முன் அந்த 433ஐத்தான் பார்க்கிறேன். பழைய அச்சுப்பொறிக்கு 5 பிடிக்காது. அது மட்டும் இன்னும் 2.4இல், விடுதிக்காரர்களோடு.