சென்ட்ரல் ஓ-ரிங் ரீகாலும் பதிலுக்குப் போடும் டிஒய்-எஃப்ஆர்பி ஸ்பிரிங்ளரும்: எது தேறும், எங்கே உதைக்கும்

அமெரிக்காவில் 1980, 90களில் கட்டிய ஹோட்டலோ மருத்துவமனையோ அடுக்குமாடியோ உங்கள் பராமரிப்பில் இருந்தால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பிரிங்ளர் ஹெட் என்பது தீ பிடித்தால் தானாகத் திறந்து தண்ணீர் தெளிக்கும் கூரை முனை. கோளாறான ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஹெட்டுகளுக்குப் பதில் புதியவை தந்த சென்ட்ரல் ஸ்பிரிங்ளர் கம்பெனியின் இலவச மாற்றுத் திட்டம் எப்போதோ மூடியாகிவிட்டது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2007 ஆகஸ்ட் 31. அதற்காக அந்த ஹெட்டுகள் எல்லாம் கூரையை விட்டு இறங்கிவிட்டன என்று நினைத்துவிடாதீர்கள்.

ரீகால் (கோளாறான பொருளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு) இரண்டு. 1998 அக்டோபரில் ஒமேகா வகை, ஏறத்தாழ 84 லட்சம். 2001 ஜூலையில் ஓ-ரிங் வைத்த மற்ற மாடல்கள், சுமார் 3.5 கோடி. இதில் பெரும்பங்கு 1989 முதல் 2000 வரை செய்த வெட் ஹெட்டுகள் (குழாயில் எப்போதும் தண்ணீர் நிற்கும் வகை). டிரை ஹெட்டுகள் (குளிரில் உறையும் இடங்களுக்கான, தண்ணீர் நிற்காத நீளத் தண்டு வகை) சுமார் 20 லட்சம். ஜெம், ஸ்டார் பெயரில் வந்த சுமார் 1,67,000 ஹெட்டுகளும் சேர்த்தி.

கோளாறு எங்கே என்றால், தீயின் வெப்பத்தில் ஹெட்டின் கண்ணாடிக் குமிழோ வேறு பிடிப்போ விட்டுப்போனதும் தண்ணீரின் அழுத்தமே உள்மூடியை வெளியே தள்ள வேண்டும். மூடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் ஓ-ரிங், தண்ணீரிலுள்ள உப்பும் அரிப்பும் சேர்ந்து உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒமேகாவில் குழாய் வெட்டும் எண்ணெய் பட்டு ரப்பர் ஊதிப்போனதும் உண்டு. பொருட்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யு.எல். நிறுவனத்தின் விதிப்படி 7 பி.எஸ்.ஐ. அழுத்தத்திலேயே திறக்க வேண்டிய ஹெட், அதைவிடக் கூடுதல் அழுத்தத்திலும் அசையாது. கீழே நின்று பார்த்தால் புத்தம்புதிதாகத்தான் தெரியும். ஆண்டுச் சோதனையில் தரையிலிருந்து அண்ணாந்து பார்ப்பதெல்லாம் இந்த விஷயத்தில் வீண்.

திட்டத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால், நடந்த வரைக்கும் நல்ல மதிப்பெண்தான். ஓ-ரிங் இல்லாத புது ஹெட் இலவசம், மாட்டும் கூலியும் அவர்கள் பொறுப்பு. குறை என்னவென்றால், தேடிக் கண்டுபிடித்துக் கேட்க வேண்டியது கட்டட உரிமையாளர். கேட்காதவர் கட்டடம் அப்படியே நின்றுவிட்டது.

அடையாளம் காண ஏணி போட்டே ஆக வேண்டும். ஹெட்டின் உலோகச் சட்டகத்திலோ, தண்ணீரைச் சிதறடிக்கும் தகடான டிஃப்ளெக்டரிலோ 'சென்ட்ரல்' அல்லது 'சிஎஸ்சி' என்ற பொறிப்பு, மாடல் பெயர், தயாரித்த ஆண்டு மூன்றையும் பாருங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து போனில் படம் எடுத்தால் எழுத்து துலங்கும். 'ஜிபி' (சென்ட்ரலின் ஒரு மாடல் வரிசை) என்று இருந்தாலே ரீகால் என்று முடிவு கட்டாதீர்கள், மாடலும் ஆண்டும் சேர்ந்து பட்டியலோடு பொருந்த வேண்டும். 2001 முதல் வந்தவற்றில் எஸ்.ஐ.என். என்ற ஸ்பிரிங்ளர் அடையாள எண் இருக்கும். ஒமேகாவுக்குக் கண்ணாடிக் குமிழே கிடையாது, கூரையை ஒட்டிச் சிறு வட்டத் தகடுகள் தெரியும். பெயின்ட் அடித்த ஹெட்டைச் சுரண்டிப் படிக்க மெனக்கெட வேண்டாம், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அதை மாற்றித்தான் ஆக வேண்டும். மாடிக்கு ஒன்று பார்த்தால் போதாது. இடையில் புதுப்பித்த ஒவ்வொரு பகுதியிலும் வேறு சரக்கு இருக்கும்.

இனி மாற்று ஹெட். வெளியே தெரியும் குயிக் ரெஸ்பான்ஸ் (வெப்பம் பட்டதும் சீக்கிரம் திறக்கும்) ஜிபி இருந்த இடத்துக்கு டைக்கோ கம்பெனியின் டிஒய்-எஃப்ஆர்பி நன்றாகவே பொருந்துகிறது. கீழ்நோக்கியது டிஒய்3231, மேல்நோக்கியது டிஒய்3131. அரை அங்குல மரை, கே-ஃபாக்டர் (பாயும் தண்ணீரின் அளவைக் காட்டும் எண்) 5.6, 3 மி.மீ. குமிழ். அடைப்புக்கு ரப்பர் வளையம் இல்லை, டெஃப்லான் பூசிய ஸ்பிரிங் வாஷர். ஆனால் பழையது ஸ்டாண்டர்ட் ரெஸ்பான்ஸ் (சற்று மெதுவாகத் திறக்கும் வகை) என்றால் ஒரே அறையில் இரண்டையும் கலக்கக் கூடாது. முழு அறையையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் 5 மி.மீ. குமிழ் உள்ள டிஒய்-பி வாங்குங்கள். குமிழின் நிறமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்: சிவப்பு 68 டிகிரி, மஞ்சள் 79, பச்சை 93. ஒமேகாவுக்கு இதை நேராக மாட்ட முடியாது. கூரைத் துளையும் இறக்கமும் ஒத்துவராது, அகலப் பரப்பு மாடல்களுக்குத் தண்ணீர்க் கணக்கையே மறுபடி போட வேண்டும்.

மாட்டும் முன் தீயணைப்புத் துறை, காப்பீட்டு நிறுவனம், அலாரம் கண்காணிப்பு நிலையம் மூன்றுக்கும் சொல்லிவிடுங்கள். 24 மணி நேரத்தில் 10 மணிக்கு மேல் சிஸ்டம் நிறுத்தினால் ஆள் போட்டுக் காவல் சுற்ற வேண்டும், அல்லது ஆட்களை வெளியேற்ற வேண்டும். வால்வை மூடி, கேஜ் பூஜ்யம் காட்டும் வரை வடியுங்கள். டெஃப்லான் டேப் ஆண் மரையில் மட்டும். ரென்ச் டபிள்யூ-டைப் 6, கூரைக்குள் பதிந்த வகைக்கு டைப் 7. இறுக்கம் 7 முதல் 14 அடி-பவுண்டு. கசிகிறதே என்று அதற்கு மேல் முறுக்கினால் வாய் கோணி இன்னும் கசியும். சி.பி.வி.சி. (பிளாஸ்டிக்) குழாயென்றால் எண்ணெய் கலந்த பேஸ்டைக் கிட்டே கொண்டுவராதீர்கள், மாதங்கள் கழித்து விரிசல் விடும். குமிழைக் காக்கும் பிளாஸ்டிக் பட்டையை மாட்டிய பிறகு கழற்றுங்கள். இதை மறப்பது சர்வசாதாரணம். பிறகு மெதுவாகத் தண்ணீர் ஏற்றி, மெயின் டிரெய்ன் சோதனை (பிரதான வடிகுழாயைத் திறந்து அழுத்தம் பார்ப்பது) செய்து பழைய அழுத்தத்தோடு ஒப்பிடுங்கள்.

டிரை ஹெட் தனி வேலை. நீளம் அளந்து ஆர்டர் கொடுத்தால்தான் செய்தே தருவார்கள், ஆகவே அது கைக்கு வரும் முன் பழையதைக் கழற்றாதீர்கள்.

கடைசியில் வால்வு அறையிலுள்ள உதிரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். 300 ஹெட்டுக்குக் குறைவான கட்டடத்துக்கு 6, 1000 வரை 12, அதற்கு மேல் 24 உதிரி இருக்க வேண்டும். கூரை முழுக்க மாற்றிய பிறகும் பெட்டியில் பழைய ஜிபியே கிடந்தால், அடுத்த கசிவின்போது நம் ஆட்களே அதை எடுத்து மேலே மாட்டிவிடுவார்கள்.