தாடையா, வயிறா: சாக்சபோனில் நாதமும் வைப்ரேட்டோவும்

மட்டக்களப்பில் சாக்சபோன் பழக வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு பக்கங்களிலிருந்து வருகிறார்கள். ஒரு சாரார் தேவாலய இசைக்குழுவிலும் பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் கேட்கும் கஃப்ரிஞ்ஞா, பைலா ஆகிய ஆட்டப் பாடல்களிலும் காது பழகியவர்கள். மற்றச் சாரார் கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்து, சாக்சபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத்தின் ஒலிப்பதிவுகளால் இக்கருவியின் மீது ஆசை கொண்டவர்கள். ஒரு வருடம் கழிந்ததும் இரு சாராரும் ஒரே இரண்டு முறைப்பாடுகளுடன் வந்து நிற்பார்கள்: நாதம் தகரத்தைத் தட்டியது போல இருக்கிறது, வைப்ரேட்டோ, அதாவது சுரத்தை மெல்ல அலையவிடும் அசைவு, வரமாட்டேன் என்கிறது. இவ்விரண்டுக்கும் ஒன்றுக்கொன்று போட்டியான வழிகள் பல சொல்லப்படுவதால், அவற்றை எங்கள் ஊர்ச் சூழலில் வைத்து நிறுத்துப் பார்க்க முனைகிறேன்.

நாதத்துக்கு முதலில் சொல்லப்படுவது பணத்தால் ஆகும் வழி, அதாவது வாயில் வைத்து ஊதும் முனையான மவுத்பீஸை மாற்றுவது. யமஹாவின் 4சி மவுத்பீஸ் தொடக்கத்துக்குத் தாராளமாகப் போதும். ஆறு மாதத்திலேயே அகன்ற வாயுள்ள உலோக மவுத்பீஸுக்குத் தாவியவர்கள் சத்தத்தைப் பெருக்கிக்கொண்டார்களே தவிர, நாதத்தைத் திருத்திக்கொண்டதை நான் கேட்டதில்லை.

மவுத்பீஸில் பொருத்தி அதிரவிடும் மெல்லிய தகடான ரீட்டின் விடயம் அவ்வளவு எளிதாகத் தீர்வதில்லை, ஏனெனில் இங்கே காற்றும் அதில் கை வைக்கிறது. கச்சான் காற்று வீசிய ஒரு பிற்பகலில், கல்லடியில் வாவியைப் பார்த்த ஜன்னலோரம் நான் மறந்து வைத்த நாணல் ரீட்டை மாலையில் எடுத்துப் பார்த்தேன். அதன் நுனி காய்ந்த ஓலையின் விளிம்பு போல அலையலையாக நெளிந்திருந்தது. ஐந்து நிமிடம் வாயில் ஊறவைத்த பின்னரே ஒழுங்காக ஒலித்தது. மார்கழி மழையில் நிலைமை தலைகீழாகிவிடும்: மூடிய பெட்டிக்குள் ஈரத்தோடு வைத்த ரீட்டில் பூஞ்சணம் பிடிக்கும். லெஜேர் போன்ற செயற்கை ரீட்டுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை, ஊறவைக்கவும் தேவையில்லை. ஆனால் அதில் ஒன்றின் விலை பத்து நாணல் ரீட் உள்ள ஒரு பெட்டியின் விலைக்குக் கிட்ட வந்துவிடும். நல்ல நாணலின் நாதத்தில் உள்ள நெகிழ்வு செயற்கையில் முழுமையாகக் கிடைப்பதில்லை என்பதே என் காதின் தீர்ப்பு. ஆயினும் நேற்று ஊதிய ரீட் இன்றும் அப்படியே ஒலித்தால்தான் பிழை உதட்டிலா ரீட்டிலா என்று தெரியவரும் என்பதால், தினசரிப் பயிற்சிக்குச் செயற்கையையும் மேடைக்கு நாணலையும் வைத்திருப்பதே நான் கண்ட வழி.

பயிற்சி வழிகளில் பழையது நீள்சுரம்: ஒரே சுரத்தை மெதுவாகத் தொடங்கி, பெருக்கி, மீண்டும் மெலிய விட்டு, மூச்சு முடியும் வரை பிடிப்பது. இதைக் குறை சொல்ல எவருக்கும் மனம் வராது. எனினும், மனம் வேறெங்கோ திரிய இருபது நிமிடம் ஊதப்படும் நீள்சுரம், இருக்கிற குறையையே உறுதிப்படுத்தி வைக்கும். இதற்குப் போட்டியாக நிற்பது ஓவர்டோன் பயிற்சி. கருவியின் மிகக் கீழுள்ள சுரமான பி-ஃப்ளாட்டுக்குரிய விரல்களை வைத்தபடியே, மேல்ஸ்தாயிச் சாவியைத் தொடாமல், தொண்டையின் வடிவையும் நாக்கின் உயரத்தையும் மாத்திரம் மாற்றி மேலுள்ள சுரங்களை எழுப்ப வேண்டும். அடியில் ஒலிப்பதை ஷட்ஜம் என்று கொண்டால், முதலில் மேல் ஷட்ஜம், அடுத்து அதற்கு மேலுள்ள பஞ்சமம், பிறகு அதி மேல் ஷட்ஜம், அதன் பின் அந்தர காந்தாரம் என்ற வரிசையில் அவை வரும். சாக்சபோனின் குழாய் கூம்பு வடிவானதால்தான் முதல் தாவலே ஒரு ஸ்தாயியாக அமைகிறது; உருளைக் குழாயுள்ள கிளாரினெட்டில் அந்தத் தாவல் ஒரு ஸ்தாயியையும் கடந்து பஞ்சமத்தில் போய் நிற்கும்.

ஓவர்டோனின் பெரிய வசதி, அது பொய் சொல்லாது என்பது. தொண்டை இறுகியிருந்தால் பஞ்சமம் வரவே வராது. நீள்சுரத்திலோ இறுகிய தொண்டையோடும் ஏதோ ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். ஆனால் தொடங்கி மூன்று நான்கு மாதமே ஆனவர்கள் மேற்சுரத்தை வரவழைக்கும் அவசரத்தில் ரீட்டைக் கடிக்கப் பழகிவிடுகிறார்கள், அந்தப் பழக்கத்தைப் பின்னர் போக்குவது பெரும்பாடு. ஆகவே உதடு நிலைபெறும் வரை நீள்சுரம், அதன் பின் ஓவர்டோன் என்பதே நான் வகுத்துக்கொண்ட வரிசை. இடையில் ஒரு சோதனையும் உண்டு: அல்ட்டோ வகைச் சாக்சபோனின் மவுத்பீஸைக் கழற்றித் தனியே ஊதினால், ஸ்ருதியை அளக்கும் டியூனரில் 880 ஹெர்ட்ஸ் அளவிலான 'ஏ' சுரம் காட்ட வேண்டும். அதைவிட மிகவும் உயர்ந்தால் ஊதுபவர் ரீட்டைக் கடிக்கிறார் என்று பொருள். ஜாஸ் வாசிப்பவர்கள் இதைவிடக் கீழே வைத்துக்கொள்வார்கள்.

வைப்ரேட்டோவில்தான் சர்ச்சை சூடுபிடிக்கிறது. தாடையால் செய்பவர்கள் 'யா-யா-யா' என்று சொல்வது போலத் தாடையைச் சிறிதளவு தளர்த்தி மீட்கிறார்கள். ஸ்ருதி சுரத்துக்குச் சற்றுக் கீழே இறங்கி மீண்டும் அச்சுரத்துக்கே வந்து சேரும். வயிற்றால் செய்பவர்கள் 'ஹா-ஹா-ஹா' என்று மூச்சின் அழுத்தத்தை மாற்றுகிறார்கள். அங்கே ஸ்ருதியைவிட ஒலியின் அளவே கூடிக் குறைகிறது. புல்லாங்குழலுக்குப் பொருத்தமான இவ்வழியை சாக்சபோனுக்குக் கொண்டுவரும்போது, வேகம் கூடக்கூடத் தொண்டையும் சேர்ந்து ஆடத் தொடங்கி, இறுதியில் ஆட்டுக்குட்டி கத்துவது போன்ற ஒரு நடுக்கமே மிஞ்சுகிறது. 1942 முதல் பாரிஸ் கொன்செர்வத்துவாரில் கற்பித்த மார்செல் ம்யூல் வைப்ரேட்டோவை இக்கருவியின் செவ்வியல் மரபில் நிலைநிறுத்தியவர் எனப் போற்றப்படுகிறார். இன்று பெரும்பாலான ஆசிரியர்கள் கற்பிப்பது தாடை வழியையே. எனது வாக்கும் அதற்குத்தான். மெதுவான ஞானகீதங்களில் மிகத் தாழ்ந்த ஒலியோடு வாசிக்கையில் வயிற்று வழிக்கு ஓர் இதம் உண்டென்பதை மறுக்கவில்லை. ஆயினும் அங்குகூட, அசைவே இல்லாத நேரான சுரம் அதைவிட அழகாக இருக்கும்.

தாடை வழியைப் பழக, சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் அவசியம். அதை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து ஒரு தட்டுக்கு இரண்டு அசைவு, பிறகு மூன்று, பிறகு நான்கு என ஏற்றி, 76இல் ஒரு தட்டுக்கு நான்கு என்ற நிலையை அடைந்தால், வினாடிக்கு ஏறக்குறைய ஐந்து அசைவு கிடைத்துவிடும். அளவான வைப்ரேட்டோவுக்கு அது போதும். அதற்கு மேலே செல்வது ரசனையின் பாற்பட்டது: ஜாஸ் கலைஞர்களில் சிட்னி பெஷே அகலமாகவும் அழுத்தமாகவும் ஆட்டுவார், போல் டெஸ்மண்டோ இருக்கிறதா இல்லையா என்று தோன்றும் அளவுக்கே காட்டுவார். சுரத்தை நேராகத் தொடங்கி, முடிவில் மாத்திரம் அசைவைச் சேர்க்கும் ஜாஸ் பழக்கத்தை பைலாப் பாடல்களின் வரிமுடிவுகளில் வைத்துப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே பொருந்துகிறது.

கர்நாடக இசைக்காகக் கருவியை எடுத்தவர்களுக்கு இந்த இரு வழிகளுமே பாதி வழிதான். கோபால்நாத் (1949–2019) நாதஸ்வர வித்துவான் ஒருவரின் மகன். அவரது வாசிப்பில் சுரங்கள் அசைவது ராகம் கேட்கும் கமகத்தால், அதாவது சுரத்தை அசைத்து வாசிக்கும் முறையால். கமகம் எந்தச் சுரத்தில், எங்கிருந்து எதுவரை என்பதை ராகம் வரையறுக்கிறது. வைப்ரேட்டோவோ எந்தச் சுரத்தின் மீதும் ஒரே அளவில் பூசப்படக்கூடியது. தேவாலயக் குழுவிலிருந்து வந்த ஒரு தம்பி சங்கராபரணம் வாசிக்கத் தொடங்கியபோது இது வெளிப்படையாகவே தெரிந்தது. சுருதிப்பெட்டி ஒலித்துக்கொண்டிருக்க, அசையாமல் நிற்க வேண்டிய ஷட்ஜத்திலும் பஞ்சமத்திலும் அவரது தாடை பழக்கதோஷத்தால் ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்திலும் சுரம் கீழே நழுவி, சுருதியோடு மோதும் அதிர்வு அறை முழுக்கக் கேட்டது. அவர் கெட்டிக்காரர், தாடை வழியை நன்றாகப் பழகியிருந்ததே அன்று அவருக்குத் தடையாகியது. இப்போது கல்யாண வீடுகளுக்கு வாசிக்கும் பாடல்களை ஒரு நேரமும் கீர்த்தனைகளை இன்னொரு நேரமுமாகப் பிரித்து, இரண்டாவதற்கு அமரும்போது முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை எதிரே சாய்த்து வைத்து, ஷட்ஜத்தில் தாடை அசைகிறதா என்று பார்த்தபடியே ஊதுகிறார்.