ஜிஎம்பி முதுநிலைப் பட்டயம்: பணம் கட்டும் முன் வேதியியல், பார்மசி பட்டதாரிகள் அறிய வேண்டியவை

மருந்து ஆலைகளில் வேலைக்கு முயலும் பட்டதாரிகளைக் குறிவைத்து, ‘நல்ல உற்பத்தி நடைமுறைகளில் (ஜிஎம்பி) முதுநிலைப் பட்டயம்’ என்ற பெயரில் சென்னையில் நடத்தப்படும் ஒரு தனியார் படிப்பில் சேர்ந்து 72,000 ரூபாயைப் பறிகொடுத்தவன் நான். நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. வழக்கு நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது என்பது ஒரு காரணம். இதே வாக்குறுதிகளை ஏறத்தாழ இதே சொற்களில் விற்கும் நிறுவனங்கள் வேறு பலவும் இருக்கின்றன என்பது அதைவிட முக்கியமான காரணம்.

நான் எம்.எஸ்சி. வேதியியல் முடித்து, ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய மாத்திரை ஆலையின் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஷிஃப்ட் வேலையிலிருந்து தர உறுதிப் பிரிவுக்கு, அதாவது எங்கள் பேச்சில் கியூஏவுக்கு, மாற வேண்டும் என்பது உற்பத்தித் தளத்தில் நிற்கும் பெரும்பாலோரின் விருப்பம். ஒரு பேட்ச், அதாவது ஒரே தடவையில் தயாரான மருந்துத் தொகுதி, சந்தைக்குப் போகலாமா கூடாதா என்பதில் கடைசிச் சொல் கியூஏவினுடையது. சம்பளமும் மதிப்பும் அங்கேதான் கூடுதல். இந்த விருப்பத்தைத்தான் அந்த நிறுவனம் விலைபேசியது.

விற்பனைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த நேரமும் கவனிக்கத் தக்கது. மருந்து ஆலைகள் பின்பற்ற வேண்டிய ஜிஎம்பி நெறிகளைச் சொல்லும், மருந்து விதிகளின் ஷெட்யூல் எம் திருத்தப்பட்டு 2023 டிசம்பர் இறுதியில் அறிவிக்கை வெளியானது. ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்கள் முதலில் அதற்கு இணங்க வேண்டும் என்றும், மேம்பாட்டுக்கு விண்ணப்பித்த சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை அவகாசம் என்றும் ஆனது. அந்த அவகாசம் முடிவதற்குள், மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில் தயாரானது என்பதும், அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு வேதிப்பொருள் 48.6 சதவீதம் இருந்தது என்பதும் 2025 அக்டோபரில் செய்தியானது. அதற்குப் பிறகுதான் எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. “சார், இனிமே ஜிஎம்பி சர்டிபிகேட் இல்லாம எந்த பிளான்ட்லயும் எடுக்க மாட்டாங்க, கவர்மென்ட் ரூலே மாத்திட்டாங்க” என்றார் ‘கல்வி ஆலோசகர்’. குழந்தைகளின் சாவைக்கூடச் சேர்க்கைக்கான துருப்பாக்கினார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

ஷெட்யூல் எம் உண்மையில் சொல்வது வேறு. பணியாளர்களுக்கு எழுதப்பட்ட திட்டத்தின்படி பயிற்சி அளிப்பதும், அந்தப் பயிற்சியைப் பதிவு செய்து வைப்பதும் ஆலையின் கடமை என்கிறது அது. வெளியே காசு கொடுத்து வாங்கிய பட்டயத்தை வேலைக்கு வருபவர் கொண்டுவர வேண்டும் என்று அதில் எந்த வரியும் கிடையாது. இதைவிட ஆபத்தான இன்னொரு பொய்யையும் அந்த ஆலோசகர் சொன்னார். மருந்து உற்பத்தியை மேற்பார்வையிட உரிம அதிகாரியின் ஒப்புதல் பெற்ற ‘அப்ரூவ்டு கெமிஸ்ட்’ ஆவதற்கு, பார்மசி பட்டதாரிக்குப் பதினெட்டு மாத உற்பத்தி அனுபவம் போதும் என்றும், வேதியியலை முதன்மைப் பாடமாகப் படித்தவருக்கு மூன்றாண்டு வேண்டும் என்றும் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 71ஆம் விதி கூறுகிறது. தங்கள் பட்டயம் இருந்தால் அந்த மூன்றாண்டு பதினெட்டு மாதமாகக் குறையும் என்பது அவர் தந்த உறுதி. விதியில் அப்படி ஒரு சலுகையே இல்லை. வேதியியல் பட்டதாரிகளை வளைத்துப் பிடிப்பதற்கென்றே தயாரித்த வாசகம் இது என்பதால், இதே சொற்களை நீங்கள் எங்கே கேட்டாலும் விதியின் எண்ணைக் கேட்டு, அதை அவர்கள் கண்முன்னே திறந்து படியுங்கள்.

அவர்களுடைய விளக்கக் கையேட்டின் முதல் பக்கத்தில் முத்திரைகளுக்குக் குறைவில்லை: டபிள்யூஎச்ஓ-ஜிஎம்பி, அமெரிக்க எஃப்டிஏ, ஐஎஸ்ஓ 9001. ஆலைக்குள் சில காலம் இருந்தவர்களுக்கே இவற்றில் குழப்பம் உண்டு என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் (டபிள்யூஎச்ஓ) ஜிஎம்பி நெறிமுறைகளை வெளியிடுகிறது. தனி மனிதர்களுக்கோ பயிற்சி மையங்களுக்கோ அது சான்றளிப்பதில்லை. இந்தியாவில் டபிள்யூஎச்ஓ-ஜிஎம்பி சான்றிதழ் என்று நாம் சொல்வது, ஆய்வுக்குப் பின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் உற்பத்தி ஆலைக்கும் அதன் மருந்துகளுக்கும் தருவது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஆலைகளை ஆய்வு செய்கிறது, குறை கண்டால் அவற்றைப் பட்டியலிட்டுப் படிவம் 483 தருகிறது, எச்சரிக்கைக் கடிதம் அனுப்புகிறது. ஒரு பட்டயப் படிப்பை அது ‘அங்கீகரிக்க’ வழியே இல்லை. ஐஎஸ்ஓ 9001 என்பது ஒரு நிறுவனத்தின் நிர்வாக முறைக்கு ஏதோ ஒரு சான்றளிப்பு நிறுவனம் தரும் தாள். அங்கே நடத்தப்படும் பாடத்தின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆக, மூன்று முத்திரைகளில் ஒன்றுகூட அந்தப் படிப்பைப் பற்றியதல்ல.

பல்கலைக்கழகத் தொடர்பு என்று அவர்கள் காட்டியது வடமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரை. அப்படி ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது என்பது உண்மை. யுஜிசி பட்டியலிலும் அதன் பெயர் உண்டு. ஆனால் தனியார் பல்கலைக்கழகம் வேறு நிறுவனங்களைத் தன்னோடு இணைத்துக்கொள்ள யுஜிசி விதிகள் இடம் தருவதில்லை; தொலைநிலைக் கல்வியைப் பிறர் கையில் ஏஜென்சி போலக் கொடுப்பதையும் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் தடுக்கின்றன. பார்மசி படிப்புகளைத் தொலைநிலையில் நடத்தவே அனுமதி கிடையாது. பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பவரைத் திருப்திப்படுத்தும் அளவுக்கே இந்த ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. கடைசியில் என் கையில் கிடைத்த சான்றிதழில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லை. ‘தன்னாட்சி நிறுவனம்’ என்ற சொல்லும், பளபளக்கும் ஒரு ஹாலோகிராமும்தான் இருந்தன.

வகுப்புகளைப் பற்றிச் சொன்னால்தான் இது வெறும் அங்கீகாரப் பிரச்சினை இல்லை என்பது விளங்கும். பாடநூல் என்று தந்தவை, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய டபிள்யூஎச்ஓ ஆவணங்களும், மருந்துத் தரத்துக்கான பன்னாட்டு அமைப்பான ஐசிஎச்சின் கியூ7, கியூ9, கியூ10 வழிகாட்டுதல்களும்தான். மேலே நிறுவனத்தின் சின்னம் ஒட்டப்பட்டிருந்தது. சனி, ஞாயிறு நேரடி வகுப்பு என்றது சில வாரங்களிலேயே பதிவு செய்த காணொளியாகச் சுருங்கியது. காணொளியில் பேசியவர் கிருமிநீக்கிய மருந்துகளுக்கான ஐரோப்பிய ஜிஎம்பி நெறிகளின் இணைப்பு 1இன் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். 2022இல் அது முழுமையாகத் திருத்தப்பட்டு 2023 ஆகஸ்டிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது.

‘ஆலைப் பயிற்சி’ என்று எங்களை அழைத்துச் சென்ற இடம் மருந்து ஆலையே அல்ல. புரதப் பொடியை டப்பாவில் அடைக்கும் ஒரு கூடம். சுவரில் தொங்கியது எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் உணவு உரிமம். வெளிக்காற்று உள்ளே வராமல் தடுக்கும் இரட்டைக் கதவு அறை (ஏர் லாக்) கிடையாது, உடை மாற்றும் அறை என்பது ஒரு திரைச்சீலை. அடைக்கும் அறைக்கும் நடைவழிக்கும் இடையிலான காற்றழுத்த வேறுபாட்டைப் பதிவு செய்யும் பயிற்சி என்று சொல்லி, சுவரில் பொருத்தியிருந்த மேக்னஹெலிக் கேஜ் என்னும் அழுத்தமானி ஒன்றைக் காட்டினார்கள். எங்கள் ஆலையில் தினமும் பார்த்துக் குறிக்கும் கருவி என்பதால் சற்று நெருங்கிப் பார்த்தேன். அதன் முனைகளில் குழாயே மாட்டப்படவில்லை. முள் சுழியத்தில் நின்றது. “பதினைஞ்சு பாஸ்கல்னு எழுதுங்க தம்பி, பதினைஞ்சு இருந்தா சரியான ரீடிங்” என்றார் பயிற்றுநர். என்னோடு வந்தவர்களில் ஆலை அனுபவமே இல்லாத பி.ஃபார்ம். மாணவர்கள் பலர், அவர்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

அதையும் மிஞ்சியது வருகைப் பதிவேடு. சான்றிதழ் தருவதற்கு முன், நடக்காத வகுப்புகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே உட்காரலில் எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். எல்லாம் ஒரே நாளில் போட்டது போலத் தெரியக்கூடாது என்பதற்காக நீலம், கறுப்பு என்று இரண்டு வகைப் பேனாக்களை மேசையில் வைத்திருந்தார்கள். வேலை நடக்கும்போதே, செய்தவர் கையாலேயே, உண்மையான தேதியோடு பதிவு செய்ய வேண்டும் என்பது ஜிஎம்பியின் அரிச்சுவடி. பின்தேதியிட்ட பதிவுகளுக்காகவும் கிழித்தெறிந்த தாள்களுக்காகவும் இந்திய ஆலைகள் பல எஃப்டிஏவிடம் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருக்கின்றன. பதிவேட்டைப் பொய்யாக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு அதற்கே ஜிஎம்பி பட்டயம் என்று பெயர் வைத்த அந்த மனத்துணிவை என்னவென்று சொல்வது? நான் அந்தத் தேதிகளில் கையெழுத்திடவில்லை. பதிவேட்டின் இரு பக்கங்களைப் படமெடுத்துக்கொண்டேன். அந்தப் படங்கள்தான் இப்போது வழக்கில் எனக்குள்ள வலுவான சான்று.

‘நூறு சதவீத வேலை உறுதி’ என்பதன் கீழ் அவர்கள் அனுப்பிவைத்தவை எல்லாம் வேலைவாய்ப்புத் தளங்களில் யாரும் பார்க்கும்படி வெளியான வாக்-இன் அறிவிப்புகள். அவற்றில் ஒன்றுக்காகப் புதுச்சேரிப் பக்கம் ஓர் ஊசி மருந்து ஆலைக்குப் போனேன். கியூஏ மேலாளர் பட்டயத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துக் கோப்பின் அடியில் வைத்துவிட்டு, “லைன் கிளியரன்ஸ் குடுத்தப்புறம் முந்தின பேட்ச் லேபிள் ஒண்ணு கன்வேயருக்கு அடியில கிடைக்குது, என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார். லைன் கிளியரன்ஸ் என்பது, முந்தைய பேட்சின் எச்சம் எதுவும் இல்லை என்று சரிபார்த்து அடுத்த பேட்சைத் தொடங்கத் தரும் அனுமதி. இயந்திரத்தை நிறுத்துவது, கியூஏவுக்குத் தெரிவிப்பது, அதுவரை பேக் செய்தவற்றைத் தனியே ஒதுக்கிவைப்பது, நடைமுறையிலிருந்து விலகியதை டீவியேஷன் என்று எழுதிப் பதிவு செய்வது, இரு பேட்ச்களின் லேபிள் கணக்கையும் சரிபார்ப்பது என்று வரிசையாகச் சொன்னேன். அது பேக்கிங் தளத்தில் என் சூப்பர்வைசர் அண்ணன் கற்றுக்கொடுத்தது. மேலாளர் அடுத்துக் கேட்டது என் ஆலையின் பயிற்சிப் பதிவுகளை. பட்டயத்தைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.

பணம் போன வழியையும் சொல்லிவிடுகிறேன். சேர்க்கைக் கட்டணம் 12,000 ரூபாயை நான் நேரடியாகக் கட்டினேன். மீதி 60,000 ரூபாய்க்கு ‘வட்டியில்லாத் தவணை’ என்று சொல்லி, கைபேசிச் செயலி வழியாக ஒரு நிதி நிறுவனத்தின் கடனாக மாற்றினார்கள். தொகை முழுவதும் நிறுவனத்தின் கணக்குக்குப் போய்விட்டது, கடன்காரன் நான். வகுப்பு நின்றாலும் தவணை நிற்காது, கட்டாவிட்டால் அடிபடுவது என் சிபில் மதிப்பெண். டிஜிட்டல் கடன்களில், அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள ஒரு குறுகிய கால அவகாசம் தரப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அது எத்தனை நாள் என்பது கடனின் முக்கிய விவர அறிக்கையில் இருக்கும். எனக்கு அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குவதற்குள் அவகாசம் கடந்துவிட்டது. சேர்க்கை மேசையில் இருந்தவர் “அது ஆட்டோமேட்டிக்கா மெயில்ல வரும் சார்” என்று தட்டிக்கழித்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

இந்தத் துறையில் மேற்படிப்பு படிக்க நேர்மையான வழிகள் இல்லாமல் இல்லை. பி.ஃபார்ம். படித்தவர்களுக்கு, இந்திய பார்மசி கவுன்சில் ஒப்புதல் பெற்ற கல்லூரிகளில் எம்.ஃபார்ம். தர உறுதிப் பிரிவு இருக்கிறது, இரண்டாண்டுப் படிப்பு. ஜிபாட் என்னும் தேசிய பார்மசி தகுதித் தேர்வில் தகுதி பெற்றுச் சேர்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. மொகாலி, ஹைதராபாத் போன்ற இடங்களில் உள்ள தேசிய மருந்துக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் (நைப்பர்) நாடாளுமன்றச் சட்டத்தின்கீழ் இயங்குபவை. என்னைப் போன்ற வேதியியல்காரர்களுக்கு, ஆலை அனுபவத்தைச் சேர்ப்பதும், ஆலைக்குள்ளேயே நடக்கும் பயிற்சிகளின் பதிவு நகலைக் கேட்டு வைத்துக்கொள்வதும், அந்த இலவச வழிகாட்டுதல்களை உட்கார்ந்து படிப்பதும் 72,000 ரூபாய் பட்டயத்தைவிட நிச்சயமாகப் பயன்படும். தனியார் பட்டயம் எல்லாமே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. யார் பெயரில் சான்றிதழ் வரும், ஆலைப் பயிற்சி எந்த மருந்து உரிமம் பெற்ற இடத்தில் நடக்கும், விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் ஆகியவற்றைக் கையெழுத்திட்டு எழுத்தில் தர மறுக்கும் இடத்தில் கட்டணம் கட்டாதீர்கள்.

ஏற்கெனவே சிக்கியவர்களுக்கு: 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தால் ஒரு குறிப்பு எண் கிடைக்கும், அது பின்னால் உதவும். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணம் இல்லை, இணையத்திலேயே மனு தாக்கல் செய்யலாம். கல்வி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று அவர்கள் வாதிடுவார்கள். என் வழக்கிலும் அதையே பதில் நோட்டீஸில் எழுதினார்கள். ஆனால் பல்கலைக்கழக இணைப்பு இருப்பதாகப் பொய் சொல்லி மாணவர்களைச் சேர்த்த பாட்னா பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் வழக்கில், அது சேவைக் குறைபாடே என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பயிற்சி மையங்கள் ஆசிரியர் தகுதி, வேலை உறுதி ஆகியவை பற்றிப் பொய்யாக விளம்பரம் செய்வதற்கு எதிரான மத்திய நெறிமுறையும் 2024 நவம்பரில் வந்திருக்கிறது.

நோட்டீஸ் போனதும் பாதித் தொகையைத் திருப்பித் தருவதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். ‘பயிற்சி முழுமையாகப் பெற்றேன், குறை எதுவும் இல்லை’ என்ற கடிதத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது நிபந்தனை. நான் மறுத்துவிட்டேன்; தவணையை மட்டும் தவறாமல் கட்டி வருகிறேன். எங்கள் குழுவில் இன்னும் சிலர் சேர்ந்தால், ஆணையத்தின் அனுமதியோடு ஒரே மனுவாக நடத்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதே படிப்பில் சேர்ந்தவர்கள் இதைப் படித்தால், கையேடு, கட்டண ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், கடன் அறிக்கை ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள்; குறைகளே இல்லை என்னும் அந்தக் கடிதத்தில் மட்டும் கையெழுத்திட்டுவிடாதீர்கள்.