குன்னூரில் காட்ரிட்ஜ் நிரப்பிய அனுபவம்

இந்த மே மாதம் குன்னூரில் மூன்று வாரம் இருந்தேன். கோவையிலிருந்து வாடகைக் காரில்தான் மலையேறினோம். நீலகிரிக்குள் வண்டி நுழைய வேண்டிய இ-பாஸைப் போனிலேயே காட்டினோம், பிரிண்ட் எடுக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் பிரிண்ட் வேலை சேர்ந்தது: அப்பாவுக்குப் பட்டா நகல், அம்மாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட், என் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) விண்ணப்பம். போன முறை நான் வாங்கிக் கொடுத்த இங்க்ஜெட் பிரிண்டரை ஓட்டினால் வெறும் வெள்ளைத்தாள் வந்தது.

பொங்கலுக்குப் பிறகு யாரும் அதைத் தொடவே இல்லையாம். காட்ரிட்ஜ் என்கிற மைப்பெட்டியின் அடியில், ஹெட் என்ற பகுதியில் மை வருகிற துளைகள் தலைமுடியைவிட மெல்லியவை. மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் மை அங்கேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். புது காட்ரிட்ஜ் விலை விசாரித்தேன். கறுப்பு, கலர் இரண்டும் சேர்த்து 1900 ரூபாய். பிரிண்டரையே 4000-க்குத்தான் வாங்கியிருந்தேன்! கறுப்பில் 480 பக்கம், கலரில் 150 பக்கம் வரும் என்கிறார்கள். அதுவும் பக்கத்தில் சுமார் 5 சதவீத இடத்தில்தான் மை படும் என்று வைத்துப் போட்ட கணக்கு. முழுப்பக்கப் போட்டோ அடித்தால் அதற்குக் கிட்டத்தில்கூட வராது.

"பெட்போர்டு பக்கம் ஒரு தம்பி ரீஃபில் பண்றார், கேட்டுப் பாரேன்" என்றார் அப்பா. போனோம்.

"கடைசியா எப்போக்கா பிரிண்ட் எடுத்தீங்க?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஒரு மூடியில் ஊற்றி, காட்ரிட்ஜின் அடிப்பக்கம் மட்டும் நனையும்படி வைத்தார். அப்புறம் மேலே இருந்த லேபிளை உரித்தார். கலர் காட்ரிட்ஜில் மூன்று துளை, உள்ளே மூன்று பஞ்சு. எந்தத் துளையில் எந்த நிறம் என்று குச்சியால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சிரிஞ்சை இறக்கினார். அவசரப்பட்டு அழுத்தினால் மை பொங்கி நிறங்கள் கலந்துவிடுமாம். துளித்துளியாக விட்டார். மடித்த டிஷ்யூ பேப்பரில் ஒற்றியபோது நீலமும் சிவப்பும் கோடாக விழுந்தன, மஞ்சள் விழவில்லை. மறுபடி வெந்நீர், மறுபடி ஒற்றல். நான்காவது தடவை மஞ்சளும் வந்தது. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

கறுப்புக்கு 200, கலருக்கு 300 வாங்கினார். கறுப்புக்கு அவர் ஊற்றியது பிக்மென்ட் மை. சாதா டை மை தண்ணீர் பட்டால் கரைந்து ஓடும். மழையும் பனிமூட்டமுமாக இருக்கிற ஊரில் பட்டா நகலை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு நடக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

"மை இல்லைன்னு கம்ப்யூட்டர் சொல்லிக்கிட்டே இருக்கும், ஓகே குடுத்துட்டு அடிங்கக்கா" என்றார். உள்ளே இருக்கிற மையைப் பார்த்து அது சொல்வதில்லை, அடித்த துளிகளை எண்ணித்தான் சொல்கிறதாம்.

பேசாமல், பாட்டிலிலிருந்து மையை ஊற்றிக்கொள்கிற டேங்க் பிரிண்டர் வாங்கிவிடலாமா என்று கேட்டேன். எப்சன் 003 கறுப்பு பாட்டில் 65 மில்லி, 4500 பக்கம் வரும் என்று பார்த்து வைத்திருந்தேன். அவர் அப்பா பக்கம் திரும்பி, "மாசம் எத்தனை பக்கம் எடுப்பீங்கய்யா?" என்றார். "பத்து இருக்கும்."

"அப்போ வேண்டாங்கய்யா. ஓட்டாம விட்டா அதுவும் அடைச்சுக்கும். இதுல காட்ரிட்ஜை மாத்தினா ஹெட்டும் புதுசாயிடும். அதுல ஹெட்டு மெஷினோட இருக்கு, செலவு பெருசு."

டேங்க் பிரிண்டர் அவர் கடையிலேயே விற்பனைக்கு இருந்தது. நான் பணத்தோடுதான் போயிருந்தேன். அப்படியும் வேண்டாம் என்று சொன்ன அந்த நேர்மைக்காகவே இதை எழுதுகிறேன். ஊரில் பெற்றோர் தனியாக இருக்கும்போது இப்படி ஒருவர் பக்கத்தில் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கிளம்பும்போது இரண்டு காட்ரிட்ஜின் பக்கவாட்டிலும் வெள்ளை மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தார். ஒவ்வொரு ரீஃபிலுக்கும் ஒரு புள்ளி, மூன்று சேர்ந்தால் புதுசு வாங்கிவிட வேண்டும். பழையதைக் குப்பையில் போடாமல் அவரிடமே கொடுக்கச் சொன்னார். காட்ரிட்ஜும் மின்கழிவுக் கணக்கில்தான் வருகிறது.

வாரம் ஒரு கலர் பக்கம் அடிக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். ஞாயிறு காலை டீ குடித்த கையோடு அதை அப்பா செய்கிறார். மஞ்சள் பட்டை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க எனக்குப் போட்டோ வந்துவிடுகிறது.