வந்து போனவர்களுக்கு ஒரு மெயில்: குற்றால சீசனில் சில வருட அனுபவம்

குற்றாலம் பக்கம் வீடு வாடகைக்கு விடுகிற எல்லோருக்கும் ஒரே கணக்குதான். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் சீசன். சனி, ஞாயிறு என்றால் யாரைக் கேட்டாலும் இடம் இல்லை என்பார்கள். திங்கள் முதல் வியாழன் வரை பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். இலஞ்சியில் வயலைப் பார்த்து இருக்கிற எங்கள் வீட்டை நானும் மனைவியும் ஹோம்ஸ்டேயாக நடத்த ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. எங்கள் வார நாட்களை இப்போது நிரப்புவது, ஏற்கெனவே வந்து தங்கிப் போனவர்களுக்கு நான் எழுதும் மெயில். இதே தொழிலில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் கேட்கிற கேள்வி: இந்தக் காலத்தில் மெயிலை யார் பார்க்கிறார்கள், வாட்ஸ்அப் இருக்கே? வாட்ஸ்அப் எனக்கும் உண்டு. ஆனால் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில், அதாவது ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பட்டியலில், போடும் செய்தி, நம் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். ஒரு லிஸ்ட்டில் 256 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது. மூன்று நாள் தங்கிப் போனவர் நம் நம்பரை வருடக்கணக்கில் வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அப்படியே போய்ச் சேர்ந்தாலும் குட் மார்னிங் படங்களுக்கு நடுவில் அரை மணி நேரத்தில் கீழே போய்விடும். மெயில் அப்படியே கிடக்கும். சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவர் ஆபீஸில் லீவு உறுதியான பிறகு 'குற்றாலம்' என்று தேடினால் வந்து நிற்கும். வீட்டுக்காரருக்கும் மச்சானுக்கும் அதையே ஃபார்வேர்டு செய்கிறார்கள். எனக்கு வந்த புது ஆட்களில் நிறைய பேர் இப்படி ஃபார்வேர்டு ஆன மெயிலில் வந்தவர்கள்தான்.

முகவரியை எப்படி வாங்குவது என்பது அடுத்த விஷயம். பெரிய முன்பதிவுத் தளங்கள் வழியாக வருபவரின் உண்மையான மெயில் முகவரி பெரும்பாலும் நமக்குக் கிடைக்காது. தளமே உருவாக்கிய ஒரு மாற்று முகவரிதான் வரும். அதை வைத்து அவரை நேரடி புக்கிங்குக்கு இழுப்பது தளத்தின் விதிகளுக்கும் ஒத்துவராது. அதனால் நான் வீட்டில்தான் கேட்கிறேன். கிளம்புகிற அன்று காலை, காபி குடிக்கும்போது, "அருவியில் தண்ணீர் நன்றாக விழும்போது ஒரு மெயில் போடட்டுமா?" என்று கேட்பேன். பெரும்பாலும் மறுப்பதில்லை. தருகிறவர் தன் கையாலேயே என் போனில் இருக்கும் ஷீட்டில் டைப் செய்துவிடுவார். பதிவேட்டில் பேனாவால் எழுதினால் புள்ளியும் அடிக்கோடும் ஒன்றாகத் தெரியும், மெயில் திரும்பி வந்துவிடும். ஆபீஸ் முகவரி வேண்டாம், சொந்த முகவரி கொடுங்கள் என்றும் சொல்லிவிடுவேன். வேலை மாறினால் ஆபீஸ் முகவரி செத்துப்போகும்.

அதே ஷீட்டில் பக்கத்துக் கட்டத்தில் ஒரு குறிப்பு எழுதி வைப்பேன். 'அம்மாவுக்கு முட்டுவலி, கீழ் ரூம்தான்.' 'சொதி ரொம்பப் பிடித்தது.' 'சின்னப் பையனுக்கு பேரருவி பயம், புலியருவி போதும்.' அடுத்த வருடம் மெயில் எழுதும்போது இதிலிருந்து ஒரே ஒரு வரி சேர்ப்பேன். பதில் வருவதும் வராததும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம். சலுகை விலை போட்டு அனுப்பிய மெயில்களுக்கு வந்த பதிலைவிட, 'இந்தத் தடவை அம்மா படி ஏற வேண்டாம், கீழ் ரூம் இருக்கிறது' என்ற மெயிலுக்கு வந்த பதில் எப்போதும் அதிகம்.

இனி முக்கியமான விஷயம், என்ன எழுதுவது. குற்றாலத்துக்கு வர நினைப்பவர் மனதில் ஒரே கேள்விதான் ஓடும்: தண்ணி விழுதா? நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வந்து பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கேள்விக்கு இங்கேயே இருக்கிற ஒருவன் நேர்மையாகப் பதில் சொன்னால் அதைவிடப் பெரிய விளம்பரம் தேவையில்லை. போன சீசனில் நான் அனுப்பிய ஒன்றை அப்படியே தருகிறேன்:

"வணக்கம். நேற்று ராத்திரியிலிருந்து மலையில் நல்ல மழை. காலையில் ஐந்தருவிக்குப் போய்ப் பார்த்தேன், ஐந்து கிளையிலும் விழுகிறது. பேரருவியில் ஆர்ச் தாண்டிக் கொட்டுவதால் இன்று குளிக்க விடவில்லை. மழை குறைந்தால் திறப்பார்கள். சாரல் நிற்காமல் அடிக்கிறது. செவ்வாய் முதல் வியாழன் வரை கீழ் ரூம் காலி. வருவதாக இருந்தால் இதற்கே பதில் போடுங்கள்."

அவ்வளவுதான். (ஆர்ச் என்பது பேரருவியில் இருக்கும் பாதுகாப்பு வளைவு.) தலைப்பு, 'ஐந்தருவியில் ஐந்தும் விழுகிறது'. தமிழில் தலைப்பு வைத்தால், இங்கிலீஷ் விளம்பரங்கள் குவிந்து கிடக்கும் இன்பாக்ஸில் தனியாகத் தெரிகிறது. படம் ஒன்று போதும், அன்று காலை எடுத்ததாக இருக்க வேண்டும். ஏழெட்டுப் படமும் பட்டனும் வைத்து அலங்காரமாக அனுப்பியவை ஜிமெயிலில் விளம்பரங்களுக்கான பகுதிக்குள் போய் விழுந்தன. வெறும் எழுத்தாகப் போனவை நேராக இன்பாக்ஸுக்குப் போயின. மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனத்தின் கேம்பெய்ன்ஸ் என்ற, மொத்தமாக மெயில் அனுப்பும் சேவையையும் கொஞ்ச நாள் பயன்படுத்தினேன். பெரிய ரிசார்ட் நடத்துபவருக்கு அது சரியாக இருக்கும். நான்கு ரூம் வைத்திருக்கிற எனக்கு ஜிமெயிலே போதும். இலவசக் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு அனுப்பலாம். ஷீட்டிலிருந்து ஸ்கிரிப்ட் (தானாக அனுப்பும் சின்ன நிரல்) வைத்து ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனியாக அனுப்பினால் 100 பேர்தான். இரண்டு மூன்று நாளாகப் பிரித்து அனுப்புகிறேன். எல்லோர் முகவரியையும் ஒரே மெயிலில் அடுக்கி, ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரிகிற மாதிரி அனுப்புவது மட்டும் கூடவே கூடாது.

எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்று மெயில் சேவைகள் காட்டும் கணக்கை நம்பாதீர்கள். மெயிலில் இருக்கும் படம் இறங்கியதை வைத்துத்தான் அந்தக் கணக்கு. 2021-லிருந்து ஆப்பிள் மெயில், ஆள் படித்தாலும் படிக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துவிடுகிறது, அதனால் எல்லாம் திறந்ததாகவே காட்டும். பதில் போட்டது எத்தனை பேர், அதில் வந்தது எத்தனை பேர், இந்த இரண்டைத்தான் நான் பார்க்கிறேன்.

எப்போது அனுப்புவது என்பதை ரயில்வேதான் முடிவு செய்கிறது. சென்னையிலிருந்து வருபவர்கள் பொதிகை எக்ஸ்பிரஸில் தென்காசியில் இறங்கத்தான் விரும்புவார்கள். முன்பு 120 நாளுக்கு முன்பே டிக்கெட் எடுக்கலாம், அதனால் பிப்ரவரி கடைசியிலேயே மெயில் போய்விட வேண்டும். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகிவிட்டது. இப்போது ஏப்ரல் நடுவில் ஒரு மெயில் போட்டால் ஜூன் பயணத்துக்குச் சரியாக இருக்கிறது. இந்த மெயிலில் தண்ணீரைப் பற்றி எந்த உறுதியும் தர மாட்டேன். காலியாக இருக்கும் வாரங்களை மட்டும் சொல்வேன். தண்ணீர் மெயில் தனி. அதற்குத் தேதி கிடையாது, மழைதான் தேதி. 2025-ல் கேரளத்தில் பருவமழை மே 24-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. ஜூன் 10 என்று காலண்டரில் குறித்து வைத்திருந்தால் நல்ல நாட்கள் கைவிட்டுப் போயிருக்கும். ரிட்டயர் ஆனவர்கள், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், காரில் வரக்கூடிய மதுரை, விருதுநகர், நாகர்கோவில்காரர்கள் இவர்களுக்கு மழை பெய்த மறுநாளே அனுப்புகிறேன். வார நாட்களை நிரப்புவது இவர்கள்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை ரூம் காலி என்று எழுதி என்ன பயன்?

வராதீர்கள் என்று எழுதிய மெயில்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-இல் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்தது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. அரையாண்டு விடுமுறைக்கு எங்களிடம் புக் செய்திருந்த எல்லோருக்கும், நெட்வொர்க் கிடைத்ததும், இப்போது கிளம்ப வேண்டாம், பணம் வேண்டுமென்றால் திருப்பித் தருகிறேன், இல்லையென்றால் வேறு தேதி சொல்லுங்கள் என்று எழுதினேன். பெரும்பாலானவர்கள் தேதிதான் மாற்றினார்கள். பழைய குற்றாலத்தில் 2024 மே 17 அன்று திடீர் வெள்ளத்தில் ஒரு மாணவன் உயிர் போனது. அப்போதும் அருவிகளில் குளிக்கத் தடை என்பதை எழுதினேன். கூடவே, கீழே வெயில் அடித்தாலும் மலையில் பெய்த மழை நிமிடத்தில் இறங்கிவிடும், போலீஸ் விசில் அடித்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடனே வெளியே வந்துவிடுங்கள் என்றும் சேர்த்தேன். அதற்கு மதுரையிலிருந்து ஒருவர் எழுதிய பதில்: "அண்ணாச்சி, நீங்க வாங்கன்னு சொல்ற அன்னைக்கு வாறோம்." அவர்கள் குடும்பம் ஜூலையில் வந்தது, அப்புறம் ஒவ்வொரு வருடமும் வருகிறது.

பணக் கணக்கு சுருக்கமாக. ஒரு நாள் வாடகை 4,000 என்றால் மூன்று நாளுக்கு 12,000. தளத்தின் கமிஷன் 15 சதவீதம் என்று வைத்தால் 1,800 ரூபாய் போகிறது. நேராக வருபவருக்கு இதில் ஒரு பங்கை விலையாகக் குறைக்காமல் ஒரு வேளைச் சாப்பாடாகக் கொடுக்கிறோம், அல்லது கிளம்பும் நேரத்தை மாலை வரை தள்ளிவிடுகிறோம். பொதிகை மாலையில்தானே கிளம்புகிறது, அதுவரை ரூம் இருந்தால் குடும்பத்தோடு வருபவர்களுக்குப் பெரிய நிம்மதி. அதற்காகத் தளங்களை விட்டுவிட முடியாது. முதல் தடவை வருபவர் அங்கிருந்துதான் வருகிறார்.

குறையும் உண்டு. நேரம் பிடிக்கும். சீசனில் அதிகாலை அருவிக்குப் போய்ப் பார்த்து வந்துதான் எழுத வேண்டும். பார்க்காமல் எழுதினால் ஒரே தடவையில் நம்பிக்கை போய்விடும். அதற்கு மேல், 2023-ஆம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சம்மதம் வாங்கித்தான் முகவரியைப் பயன்படுத்த வேண்டும், சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மெயிலின் கடைசியிலும் 'இனி வேண்டாம் என்றால், வேண்டாம் என்று மட்டும் பதில் போடுங்கள்' என்று ஒரு வரி இருக்கும். அப்படிப் பதில் வந்தால் அன்றைக்கே ஷீட்டிலிருந்து எடுத்துவிடுகிறேன். தொடர்ந்து சில சீசன்கள் பதிலே இல்லாதவர்களுக்கு, தொடரட்டுமா என்று கேட்டு ஒரு மெயில் போகும். அதற்கும் பதில் வராவிட்டால் அந்தப் பெயரும் ஷீட்டை விட்டுப் போகும்.