பழைய காருக்கு ஆக்சிஜன் சென்சார்: டைரக்ட் ஃபிட்டா, யுனிவர்சலா?

பழைய காரில் ஆக்சிஜன் சென்சாரை, அதாவது சைலன்சர் குழாயில் இருந்துகொண்டு புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் பாகத்தை, மாற்றப் போனால் நான்கு வழிகள் எதிரே நிற்கும். கார் நிறுவனத்தின் பெட்டியில் வரும் அசல் பாகம். போஷ், டென்சோ, என்டிகே போன்ற சென்சார் நிறுவனங்கள் அந்த மாடலுக்கென்றே கப்ளரோடு (ஒயரின் நுனியில் செருகும் இணைப்பு) விற்கும் டைரக்ட் ஃபிட். பழைய கப்ளரை வெட்டி நாமே ஒயரை இணைக்க வேண்டிய யுனிவர்சல். இன்னொரு காரிலிருந்து கழற்றிய பழைய சென்சார். விலையும் ஏறக்குறைய இதே வரிசையில் இறங்கும்.

கடைசியை முதலிலேயே தள்ளிவிடலாம். இது தேய்ந்துபோகும் பாகம். முனையைச் சூடேற்றும் ஹீட்டர் இல்லாத பழைய வகை சென்சார் சுமார் 50,000 முதல் 80,000 கி.மீ., ஹீட்டர் உள்ளது 1,00,000 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே என்பதுதான் பொதுவான ஆயுள் கணக்கு. அடுத்தவர் காரில் அதில் எவ்வளவு தீர்ந்தது என்று யாருக்குத் தெரியும்? பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவுவதும் அப்படித்தான். மேலே படிந்த கரி போகலாம். சிலிகான் சீலன்ட்டோ கூலன்ட்டோ விஷமாகப் படிந்த பீங்கான் முனை அதனால் திரும்பி வராது.

ஆக, உண்மையான போட்டி யுனிவர்சலுக்கும் டைரக்ட் ஃபிட்டுக்கும்தான். முனையில் இருக்கும் சிர்கோனியா பீங்கான் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். வித்தியாசமெல்லாம் ஒயரில். அதை அற்பமாக நினைக்கக் கூடாது.

இந்தச் சென்சார் வெளிப்பக்கம் புகையிலுள்ள ஆக்சிஜனையும் உள்பக்கம் சுத்தமான காற்றையும் ஒப்பிட்டு மின்னழுத்தம் தருகிறது. பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட் பக்கம், குறைந்தால் 0.1 வோல்ட் பக்கம். ஒப்பிடத் தேவையான அந்தச் சுத்தமான காற்று பல சென்சார்களில் ஒயரின் உறைக்குள், இழைகளின் இடுக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது. ஒயரை வெட்டி ஈயம் உருக்கி இணைத்தால் அந்த வழி அடைபடலாம். அதனால்தான் யுனிவர்சலில் ஈயப்பற்றுக்குப் பதில் கிரிம்ப் செய்யும், அதாவது அழுத்தி நசுக்கிப் பிடிக்கும், இணைப்பைக் கொடுக்கிறார்கள். கப்ளரில் கிரீஸ் தடவுவது, கிளீனர் அடிப்பது ஆகியவையும் இதே காரணத்தால்தான் வேண்டாம்.

அடுத்தது நிறக் குழப்பம். போஷ் வகை நான்கு ஒயர் சென்சாரில் இரண்டு வெள்ளை ஹீட்டருக்கு, கறுப்பு சிக்னலுக்கு, சாம்பல் நிறம் அதன் எர்த்துக்கு. டென்சோ வகையில் இரண்டு கறுப்பு ஹீட்டருக்கு, நீலம் சிக்னலுக்கு, வெள்ளை எர்த்துக்கு. நிறத்தை நிறத்தோடு சேர்த்தால் என்ன ஆகும் பாருங்கள்: ஹீட்டருக்கு வரும் 12 வோல்ட் சிக்னல் லைனில் புகுந்துவிடும். பெட்டிக்குள் வரும் அட்டவணையைப் பார்க்காமல் கத்தரியை எடுக்காதீர்கள்.

என் தீர்ப்பு ஒயர் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒற்றை ஒயர் சென்சார் என்றால் தாராளமாக யுனிவர்சல் போடலாம். இருப்பதே ஒரு இணைப்பு, எர்த் சைலன்சர் குழாய் வழியாகவே கிடைக்கிறது. மூன்று, நான்கு ஒயர் என்றால் டைரக்ட் ஃபிட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பதே மேல். காரின் அடியில், சூட்டிலும் தண்ணீரிலும் நான்கு இணைப்புகள் வருடக்கணக்கில் தாங்க வேண்டுமே. பழைய கப்ளரே சூட்டில் நொறுங்கிப்போயிருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

அசல் பெட்டிக்கு அதிகம் கொடுக்கலாமா? பெரும்பாலும் தேவையில்லை. கார் நிறுவனங்கள் சென்சாரைத் தாங்களே செய்வது அபூர்வம். கழற்றிய சென்சாரின் உடலில் தயாரித்தவரின் பெயர் இருக்கும். அதே நிறுவனத்தின் டைரக்ட் ஃபிட்டை வாங்கினால் பாதிக் கவலை தீர்ந்தது. தெரியாத பெயரில் மலிவாக வரும் டைரக்ட் ஃபிட்டைவிட, தெரிந்த நிறுவனத்தின் யுனிவர்சலையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஒரு விதிவிலக்கு. சில பழைய ஜீப், நிசான் மாடல்களில் டைட்டானியா வகை இருக்கிறது. அது மின்னழுத்தம் உண்டாக்காது, மின்தடையை மாற்றும். 1990களின் இறுதியிலிருந்து சில கார்களில் இன்ஜின் பக்கம் உள்ள முன் சென்சார் வைட்பேண்ட் வகை, காற்று-பெட்ரோல் விகிதத்தையே அளப்பது. இவற்றுக்குச் சாதாரண யுனிவர்சல் பொருந்தவே பொருந்தாது, மரை சரியாக ஏறினாலும்.

முன்னது, பின்னது இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள். எரிபொருள் அளவை முக்கியமாக முடிவு செய்வது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) முன்னால் இருப்பது; பின்னது கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கும் காவல்காரன். ஸ்கேனரில் பி0420 என்ற கோளாறுக் குறியீடு வந்தால் பின் சென்சாரை மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு, அது புகார் சொல்வது கன்வெர்ட்டரைப் பற்றி. பெட்ரோல் குறைவு என்று சொல்லும் பி0171 என்றாலும் அவசரப்படாதீர்கள்: சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தாலோ, வேக்யூம் குழாய் வெடித்திருந்தாலோ, புதுச் சென்சாரும் அதையேதான் சொல்லும். பி0135 வேறு மாதிரி. அது ஹீட்டர் சுற்று பற்றியது. ஃபியூஸும் ஒயரும் நன்றாக இருந்தால் சென்சாரின் மேல் பழி போடலாம்.

வாங்கியாயிற்று என்றால் கழற்றுவதில்தான் பழைய கார் பாடு படுத்தும். முந்தின இரவே துருநீக்கி எண்ணெய் விட்டுவையுங்கள். ஒயருக்காகப் பக்கவாட்டில் பிளவு விட்ட 22 மி.மீ. சாக்கெட் தேவை, சாதாரண ஸ்பேனர் சென்சாரின் நட்டு மூலைகளை மழுக்கிவிடும். இன்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது மரை சுலபமாக இளகும். புதியதின் மரையில் அது இறுகிப்போகாமல் காக்கும் பசை ஏற்கனவே தடவியிருந்தால் மேலும் பூசாதீர்கள், முனையில் படவே கூடாது. 18 மி.மீ. மரைக்கு 40 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கினால் போதும். ஒயர் சூடான குழாயைத் தொடாமல் பழைய கிளிப்பிலேயே மாட்டுங்கள்.