அரசு கலைக் கல்லூரியா, கவுன்சலிங் சீட்டா, மேனேஜ்மென்ட் கோட்டாவா?

பிளஸ் டூ மார்க் வந்ததும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, என்ன படிப்பது. அன்று சாயங்காலத்துக்குள் அது எவ்வளவு ஆகும் என்பதாக மாறிவிடும். எந்த வழியாகச் சேர்வது என்பதை மட்டும் யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. தமிழ்நாட்டில் பட்டப்படிப்புக்குக் கிடைக்கும் பெரிய உதவிகள் பலவற்றில், வீட்டு வறுமைக்கு முன்னால் பார்க்கப்படுவது சீட் கிடைத்த விதம்தான். ஒவ்வொரு வருடமும் தெருப்பிள்ளைகள் சிலருக்கு சாய்ஸ் ஃபில்லிங் (கவுன்சலிங்கில் வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுப்பது) செய்ய உதவுவதால், இந்தக் கணக்கு எனக்குக் கொஞ்சம் பழக்கம்.

ஒரு பையனை வைத்துக்கொள்வோம். இன்ஜினியரிங் கட் ஆஃப் 200க்கு 140 வாக்கில் வந்திருக்கிறது. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டில் இதுவரை யாரும் டிகிரி முடிக்கவில்லை. அவன் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ். மார்க் அடிப்படையில் அரசு நடத்தும் கவுன்சலிங்கில் ஏதோ ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.இ.; கொஞ்சம் பேர்பெற்ற கல்லூரியில், நிர்வாகமே நேரடியாக நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் அதே பி.இ.

முதலில் இன்ஜினியரிங் இரண்டையும் பார்த்துவிடலாம். குழப்பம் அங்கேதான் அதிகம்.

சுயநிதி இன்ஜினியரிங் கல்லூரிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017இல் விதித்த உச்சவரம்பு இது: கவுன்சலிங் சீட்டுக்கு வருடம் 50,000 ரூபாய், என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற படிப்பென்றால் 55,000. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு 85,000, அங்கீகாரம் இருந்தால் 87,000. வகுப்பறை, ஆசிரியர், தேர்வு எல்லாம் இருவருக்கும் ஒன்றே. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருவன் கூடுதலாக 35,000 கட்டுகிறான், அவ்வளவுதான்.

வித்தியாசம் அதோடு நிற்பதில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை கவுன்சலிங்கில் வருபவர்களுக்கு மட்டும்தான். அதில் சுயநிதிக் கல்லூரி டியூஷன் கட்டணத்தில் 25,000 குறையும். சாதி, வருமானம் எதுவும் கேட்பதில்லை. குடும்பத்தில் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. நம் பையனுக்கு 50,000 என்பது 25,000 ஆகிவிடும். மேனேஜ்மென்ட்டில் சேர்ந்தால் முழு 85,000. வருடத்துக்கு 60,000, நாலு வருடத்தில் 2,40,000 ரூபாய் வித்தியாசம். படிப்பு ஒன்றுதான், பட்டம் தருவதும் பெரும்பாலும் அதே அண்ணா பல்கலைக்கழகம்தான்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்தவன் என்றால் கதையே வேறு. 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இன்ஜினியரிங்குக்கும் உண்டு. அதில் இடம் கிடைத்தால் டியூஷன், ஹாஸ்டல், கவுன்சலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும். அப்படி ஒரு பிள்ளையை மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள் என்றால், அந்த வீட்டுக்கு விவரம் சொல்ல ஆள் இல்லை என்றுதான் அர்த்தம். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் இப்படித்தான். பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தாலும் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அது வராது.

சரி, கவுன்சலிங் சீட் எடுத்தவர்களுக்குக் குறையே இல்லையா? உண்டு. அவர்களிடம் பேசினால் டியூஷன் ஃபீஸைப் பற்றிப் புலம்புவது குறைவு. பஸ் ஃபீஸ், ட்ரெயினிங் ஃபீஸ், புத்தகத்துக்கு, யூனிஃபார்முக்கு, சிம்போசியத்துக்கு என்று தனித்தனியாக வரும் தொகைகள்தான் அவர்களை வாட்டுகின்றன. சலுகை போக மிச்சமுள்ள டியூஷனைவிட பஸ் கட்டணம் கூடுதலாக இருப்பது சகஜம். 'சலுகைல சேர்ந்தவன்தானே' என்று ஆபீஸ் கவுன்டரில் காக்க வைக்கிறார்கள் என்றும் ஒரு பையன் சொன்னான். உதவித்தொகை மாணவர் கணக்குக்கு வரும் தேதியும், கல்லூரி கட்டச் சொல்லும் தேதியும் சேர்ந்தே வருவதில்லை. நடுவில் இருக்கும் மாதங்களுக்கு அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது. சலுகைக் கணக்கில் இந்த வட்டி எங்கேயும் வராது.

சான்றிதழ் விஷயமும் சாதாரணமில்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவையில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று மேலே நகர்ந்துதான் வரும். கவுன்சலிங் சமயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பதால் தாமதம் ஆகும். அக்கா ஏற்கெனவே டிகிரி முடித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது. அக்கா அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்ததை வீட்டில் 'சும்மா படிச்சது' என்று சொல்வார்கள். அரசுக் கணக்கில் அதுவும் பட்டம்தான்.

மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் போகிறவர்கள் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. நல்ல கல்லூரி என்றால் கம்பெனி வரும், கடன் வாங்கினாலும் வேலை கிடைத்ததும் அடைத்துவிடலாம் என்பது. அந்தக் கடனையும் போட்டுப் பார்ப்போம். வருடம் 75,000 வீதம் நாலு வருடம், மொத்தம் 3 லட்சம் கடன். வட்டி 10 சதவீதம் என்று வைத்தால், படிப்பும் அதற்குப் பிந்தைய ஒரு வருடமும் சேர்ந்து தனி வட்டியே 1,05,000 வரும். கட்டத் தொடங்கும்போது கணக்கில் நிற்பது 4,05,000. பத்து வருடத்தில் அடைத்தால் மாதம் 5,350 ரூபாய்க்குப் பக்கத்தில். முதல் சம்பளம் 15,000, 18,000 என்று சென்னையில் அறை எடுத்துத் தங்குபவனுக்கு அது சின்னத் தொகை இல்லை.

4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து ஜாமீன் வேண்டாம். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு நாக் (கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பு) அல்லது படிப்புக்கு என்.பி.ஏ. தரச்சான்று இருந்தால், படிக்கும் காலமும் அடுத்த ஒரு வருடமும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. மேனேஜ்மென்ட் சீட் என்றால் வங்கி மேனேஜர் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். மார்க் அடிப்படையில் சேர்ந்தவர்களுக்குத்தான் கடன் என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள். எழுதாத கணக்கு இன்னொன்று: ரசீது இல்லாமல் வாங்கும் டொனேஷன். சட்டப்படி அது தமிழ்நாட்டில் 1992 முதலே தடை. தடை இருந்தும் கேட்கிறார்கள், கொடுக்கிறார்கள். ரசீது இல்லாத பணத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது. அது நகையிலிருந்தோ மூன்று வட்டியிலிருந்தோதான் வரும்.

இப்போது கலைக் கல்லூரி. விண்ணப்பத்துக்கு 50 ரூபாய். இளநிலைப் படிப்புக்கு டியூஷன் கட்டணமே கிடையாது. மற்ற கட்டணம் எல்லாம் சேர்த்தாலும் இன்ஜினியரிங் கல்லூரியின் பஸ் ஃபீஸ் பக்கத்தில் வராது. அரசு பஸ்ஸில் இலவச பாஸ். ஷிப்ட் முறை இருக்கும் கல்லூரியில் அரை நாள் வகுப்பு, அரை நாள் ஜவுளிக்கடையிலோ டெலிவரியிலோ வேலை. மூன்று வருடத்தில் அங்கே செலவாவது, இன்ஜினியரிங்கில் ஒரு செமஸ்டருக்கு ஆவதைவிடக் குறைவாக இருக்கலாம்.

குறை எங்கே என்றால் வகுப்பறையில். நிரந்தரப் பேராசிரியர் இடத்தில் கௌரவ விரிவுரையாளர்கள், லேபில் நாலு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். 'சார் நல்லா நடத்துவாரு, ஆனா போன வருஷம் வந்த சார் இந்த வருஷம் இல்ல' என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. ஆர்வம் உள்ளவன் வெளியே தேடிப் படித்துக்கொள்வான். விப்ரோ போன்ற நிறுவனங்கள் பி.எஸ்சி., பி.சி.ஏ. மாணவர்களை வேலைக்கு எடுத்து எம்.டெக். படிக்கவும் வைக்கின்றன. டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி இரண்டு வருட எம்.சி.ஏ. போகலாம். குரூப் 2 கனவு என்றால் எந்த டிகிரியும் போதும். அதற்கு நாலு வருட இன்ஜினியரிங் வீண் செலவு.

மாநில அரசு மாணவர்களுக்குத் தரும் மாதம் ஆயிரம் ரூபாய் கலைக் கல்லூரிக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கான திட்டங்களில் பெண்களுக்கான புதுமைப் பெண் 2022இலும் ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இலும் தொடங்கின. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பிளஸ் டூ வரை படித்திருந்தால் இன்ஜினியரிங் படித்தாலும் கிடைக்கும், மற்ற உதவித்தொகை வாங்கினாலும் கிடைக்கும். அஞ்சல் வழிப் படிப்புக்குத்தான் இல்லை.

நம் 140 கட் ஆஃப் பையனுக்கு நான் சொல்வது இதுதான். மேனேஜ்மென்ட் கோட்டாவை முதலில் அடித்துவிடு. கவுன்சலிங்கில் முதலில் அரசு இன்ஜினியரிங் கல்லூரிகளையும், கோவை பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர் போன்ற கல்லூரிகளின் அரசு உதவி பெறும் பிரிவுகளையும் போடு. 140க்குக் கம்ப்யூட்டர் கிடைக்காது, அங்கே மெக்கானிக்கலும் சிவிலும்கூடக் கஷ்டம்தான். ஆனாலும் போட்டு வைப்பதற்குத் தனியாகக் காசு கட்ட வேண்டியதில்லை. அப்புறம், பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் என்.பி.ஏ. உள்ள சுயநிதிக் கல்லூரிகள். அந்தக் கல்லூரி வாசலில் நின்று மூன்றாம் வருடப் பையன்கள் இரண்டு பேரிடம் 'போன வருஷம் மொத்தமா எவ்வளவு கட்டினீங்க' என்று கேள். எத்தனை அரியர் என்றும் கேள். பிராஸ்பெக்டஸில் இருப்பதற்கும் அவர்கள் சொல்வதற்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால், கலைக் கல்லூரி விண்ணப்பம் கையில் இருக்கட்டும். அதனால்தான் அந்த 50 ரூபாயை முதலிலேயே கட்டிவிடச் சொல்கிறேன். கலைக் கல்லூரிக் கலந்தாய்வு பெரும்பாலும் இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு முன்னாலேயே முடிந்துவிடும்.